புகை விடு தூது

தமிழ்மொழியில் வழங்கும் பிரபந்த வகைகளுள் தூது என்பது ஒன்று. தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவி, தன் துயரத்தை அவன்பாற் சென்று உரைத்து வருமாறு அன்னத்தையும், கிளியையும், மேகத்தையும், தென்றலையும், ஏன், தன் நெஞ்சையுமே தூது விடுத்ததாகப் புலவர்கள் பாடியுள்ளனர். இவ்வரிசையில் நகைச்சுவை மிக்க நூல் ஒன்றும் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய ‘புகையிலை விடு தூது’ என்பதே அது. பழநியாண்டவனிடம் புகையிலையையே தூதாக அனுப்பும் அந்நூலிற் சொல்விளையாட்டு ஒன்று வருகின்றது. மும்மூர்த்திகளிடம் மூன்று இலைகள் ஒப்புவிக்கப்பட்டனவாம். வில்வமும் துளசியும் நீரோடு போய்விட, நான்முகன் பெற்ற இலை மட்டும் போகாது நின்றதாம். ஆதலின் அதற்குப் ‘போகையிலை’ என்று பெயராயிற்று என்பர் புலவர்.

புலவர் வேடிக்கையாகச் சொன்னதை இன்று மருத்துவர் வருத்தத்தோடு சொல்லுகின்றனர். ஒருமுறை கைக்கு வந்த அவ்விலை எளிதிற் போகையிலைதான். புகையிலையைத் தூதாக விடுத்த தமிழகத்தில், புகையை விடுதற்பொருட்டு ஒரு தூது வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. அத்தூது யாது, அஃது எப்பொழுது செல்லவேண்டும், யாது சொல்லவேண்டும் என்பனவற்றை முறையே ஆராய்வாம்.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அதனைப் போர்த்துக்கீசியர் கப்பலேற்றி இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். விருந்தாளியாக வந்தது வீட்டுக்கு உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டது. 2016-17ஆம் ஆண்டுகளில் இந்திய அரசாங்கத்தார் எடுத்த கணக்கின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 28.6 பேர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவிற் கைக்கொண்டிருந்தனர். புகைப்போர் மட்டும் 100க்கு 10.7 பேர், மெல்லுவோரும் வாயில் அடக்குவோரும் அவரினும் மிகுதி.

இப்பழக்கத்தின் தீமையை யாரும் அறியாதிருக்கின்றனர் என்று சொல்ல இயலாது. சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவரும் 1950ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். 1964இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி அதனை உலகறிய உறுதிப்படுத்தினார். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதற் பொதுவிடங்களிற் புகைத்தல் தடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு முதற் சிகரெட்டுப் பெட்டியின் இருபுறத்திலும் 100க்கு 85 பங்கு இடத்தை நோயின் கோரப்படமும் எச்சரிக்கையுமே அடைத்துக்கொண்டுள்ளன. அப்படத்தைக் கண்ணாற் கண்டுகொண்டே, அப்பெட்டியைத் திறந்து, ஒன்றை உருவிப் பற்றவைக்கின்றான் கல்வி கற்ற இளைஞன். நோய்நூல் பயிலும் மருத்துவ மாணவருள்ளும் இவ்வாறு செய்வார் உளர். ஆதலின், குறை அறிவில் இல்லை என்பது வெள்ளிடைமலை.

அறிந்தும் விடமுடியாமை எதனால்? நம்மிற் பெரும்பாலோர் இதற்குக் கூறும் விடை ஒன்றே: ‘அவனுக்கு மனவுறுதி இல்லை’ என்பது. மாணவர் உலகில் வழங்கும் இரண்டு மருந்துகளும் இவ்விடையிலிருந்தே பிறந்தவை. ஒன்று தண்டம், மற்றொன்று சபதம். விடுதி மாடியிற் புகைத்தவன் பிடிபட்டால் அபராதம் கட்டுகின்றான். தந்தையார்க்குக் கடிதம் போகின்றது. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் கூடுகின்றது. பெரியார் ஒருவர் பேசுகின்றார். மாணவரெல்லாம் எழுந்து வலக்கையை நீட்டிச் சபதம் செய்கின்றனர். கூட்டம் கலைந்து ஒரு நாழிகைக்குள் தேநீர்க்கடை வாயிலில் மீண்டும் புகை எழுகின்றது.

எம்முடன் விடுதியில் உறையும் நண்பர் ஒருவர் இவ்விரு மருந்தையும் உட்கொண்டவர். சென்ற ஆண்டிற் சபதம் செய்த அவர் நான்கு நாள் புகைக்காதிருந்தார். ஐந்தாம் நாள் இரவு, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கையில், பத்தரை மணியளவில் ஒன்றைப் புகைத்துவிட்டார். அதன்பின் நேர்ந்ததே கவனித்தற்குரியது. சபதத்தை முறித்தவன் என்னும் நாணத்தால், தம்மை ஊக்கிய நண்பர்களையே காணாமல் ஒதுங்கினார். உணவு மேசையில் வேறிடம் தேடினார். முன்னினும் மிகுதியாகப் புகைத்தார். அவரைக் கெடுத்தது அவ்வொரு சிகரெட்டு மட்டுமோ? ‘இனி எல்லாம் போயிற்று’ என்று அவர் எண்ணும்படி செய்த சபதமும் அதனோடு கூடிக்கொண்டது என்றே யாம் கருதுகின்றோம்.

இதனைத் தெளிய அறிதற்கு, புகைவேட்கை உடலில் நிகழும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். புகையை ஒருமுறை உள்ளிழுத்த அளவில், அதிலுள்ள நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் நுரையீரலிற் புகுந்து, குருதியோடு கலந்து, 10 முதல் 20 விநாடிகளுள் மூளையை அடைகின்றது. அங்கே இன்பவுணர்ச்சியோடு தொடர்புடைய டோப்பமைன் என்னும் பொருளை வெளிப்படச் செய்கின்றது. ஏறக்குறைய 2 மணி நேரத்திற் குருதியிலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைகின்றது. அது குறையக் குறைய, உடல் மீண்டும் அதனைக் கேட்கின்றது. எரிச்சலும், அமைதியின்மையும், படிப்பிற் கருத்தூன்றாமையும் தோன்றுகின்றன. அடுத்த சிகரெட்டு அவற்றைத் தணிக்கின்றது. தான் மூட்டிய தீயைத் தானே அணைத்து நன்றி பெறும் கள்வனைப் போன்றது அது. ‘புகைத்தால் மனம் அமைதியடைகின்றது’ என்று நண்பர்கள் கூறுவதன் உண்மை பெரிதும் இதுவே.

இதனோடு இடமும் காலமும் சேர்ந்துகொள்ளுகின்றன. தேநீர் குடித்தவுடன், உணவு கொண்டவுடன், வகுப்பு முடிந்தவுடன், தேர்வறையை விட்டு வெளிவந்தவுடன் என்று மனம் சில வேளைகளைப் புகையோடு முடிச்சிட்டு வைத்துக்கொள்ளுகின்றது. அவ்வேளை வரும்பொழுது வேட்கையும் தானே எழுகின்றது. ஆயின் அவ்வேட்கை நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதன்று. எழுந்து, உயர்ந்து, பெரும்பாலும் சில நிமிடங்களுள் தணிகின்றது. விட்ட முதற் சில நாட்களில் அடிக்கடியும் கடுமையாகவும் எழும். வாரங்கள் செல்லச் செல்ல இடைவெளி நீளும். ஆகவே, புகைப்பவன் வெல்லவேண்டியது வாழ்நாள் முழுவதையும் அன்று. இப்பொழுது எழுந்துள்ள இந்தச் சில நிமிடங்களை. அவற்றைக் கடந்தால், அடுத்த சில நிமிடங்களை அவை வரும்பொழுது பார்த்துக்கொள்ளலாம். சபதம் செய்விப்போர் இந்நிமிடக் கணக்கை மறந்து, ஆயுட்கணக்கை அவன் தலைமேல் ஏற்றுகின்றனர்.

அந்நிமிடங்களை எவ்வாறு கடப்பது? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளநூற் பேராசிரியராயிருந்து 2011இல் மறைந்த ஆலன் மார்லட் என்பார் இதற்கு ஓர் உவமை கூறினார். வேட்கை கடலலை போன்றது என்பது அது. அலையை எதிர்த்து நிற்பவனை அது புரட்டித் தள்ளும். அதன்மேல் ஏறி நிற்பவனைத் தூக்கி, தாழ்த்தி, தான் போய்விடும். நம் கடற்கரையிற் கட்டுமரம் செலுத்துவோர்க்கு இவ்வுண்மையை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ‘அலை ஓய்ந்து கடலாடலாமா?’ என்னும் பழமொழியும் நம்மிடம் உண்டு. வேட்கையே எழாத நாள் வரட்டும், அன்று புகையை விடுவோம் என்று காத்திருப்போர்க்கு இதனினும் நல்ல விடை இல்லை.

உவமையோடு நில்லாமல், அதனைச் சோதித்தும் பார்த்தனர். சாரா போவென் என்பாரும் மார்லட்டும் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புகைக்கும் கலாசாலை மாணவர் 123 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார்க்கு வேட்கையை அலையாகக் கண்டு கடக்கும் முறை சிறிது நேரம் கற்பிக்கப்பட்டது. மற்றொரு சாரார்க்குக் கற்பிக்கப்படவில்லை. பின்வந்த 7 நாட்களில், கற்றவர் கல்லாதவரினும் குறைவாகவே புகைத்தனர். ஆயின் வியப்பு இதுவன்று. இரு சாரார்க்கும் எழுந்த வேட்கையின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை! ஆசை அவ்வண்ணமே இருந்தது. கை மட்டும் பெட்டியை நோக்கி விரைந்து நீளவில்லை. ‘எனக்கு ஆசை அடங்கவில்லையே, ஆகவே யான் தோற்றேன்’ என்று ஏங்கும் மாணவன் இம்முடிவை நெஞ்சிற் பதித்துக்கொள்வானாக. ஆசை அடங்காதிருக்கும்பொழுதே புகையாதிருத்தல் கூடும்.

இம்முறைக்கு அடிப்படையாயுள்ளதை மனவிழிப்பு எனலாம். இதிற் கமுக்கம் ஒன்றும் இல்லை. வேட்கை எழும்பொழுது, ‘இதோ வேட்கை எழுந்தது’ என்று அதனைப் பெயர் சொல்லி அறிதல் முதற்படி. அதனைத் துரத்தாமலும், அதற்கு இணங்காமலும், இருக்க விடுதல் இரண்டாம் படி. அஃது உடலில் எங்கே தோன்றுகின்றது, தொண்டையிலா, மார்பிலா, விரல் நுனியிலா, வாயூறுகின்றதா, மூச்சு விரைகின்றதா என்று ஆராய்ந்து நோக்குதல் மூன்றாம் படி. மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கவனித்துக்கொண்டே, அது தணியும் வரை உடனிருத்தல் நான்காம் படி. இவற்றைச் செய்தற்குத் தனியிடம் வேண்டா. நூலகத்தின் நாற்காலியிலும் பேருந்தின் படிக்கட்டு ஓரத்திலும் செய்யலாம்.

நம் நண்பர் சிலர், இது பௌத்தருடைய தியானமாயிற்றே, கிறிஸ்தவ மாணவர் இதனைக் கைக்கொள்ளலாமோ என்று ஐயுறுகின்றனர். இதன் வேர் பௌத்த நெறியில் உள்ளது என்பது உண்மையே. அதனை மறைத்தல் நன்றியன்று. ஆயினும், 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவசாலையில் ஜான் கபாட்-ஜின் என்பார் நோயாளிகளுக்கு இதனைக் கற்பிக்கத் தொடங்கிய நாள் முதல், எச்சமயத்தாரும் தத்தம் சமயத்தில் நின்றே பயிலும் பயிற்சியாக இது மருத்துவ உலகில் வழங்கிவருகின்றது. வாய்பேசாது அமர்ந்து தன் உள்ளத்தைத் தான் நோக்குதல் நம் தேவாலயத்தாருக்கும் புதிதன்று. மருந்து எந்நாட்டு மலையில் முளைத்தது என்று கேட்டு நோயாளி அதனைத் தள்ளுவதில்லை.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உளது. இந்நான்கு படிகளையும் அமைதியாக இருக்கும்பொழுது யாவரும் நினைவிற் கொள்வர். வேட்கை தலைக்கேறிய வேளையில் நினைவுதான் முதலில் நழுவுகின்றது. பத்தரை மணிக்கு, புத்தகத்தின் முன் கண் எரிந்து அமர்ந்திருப்பவனுக்கு, காலையிற் கேட்ட உபதேசம் எங்கே நினைவிற்கு வரும்? அவ்வேளையில் யாரேனும் வந்து, ‘சற்றே பொறு, இது போய்விடும்’ என்று சொல்லவேண்டும். தூதின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

அத்தூதுக்கு ஏற்ற வாகனம் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. கைப்பேசி வழியாகச் செல்லும் குறுஞ்செய்தி முதன்முதல் 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அமைந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளுள், இதே குறுஞ்செய்தியைப் புகைவிடுவோர்க்குத் துணையாக்கிய ஆராய்ச்சி ஒன்று நியூசிலாந்திலிருந்து வெளிவந்தது. 2005இல் வெளிவந்த அதில் 1,705 பேர் பங்குகொண்டனர், பெரும்பாலோர் இளைஞர். செய்தித்துணை பெற்றவருள் 100க்கு 28 பேர் ஆறாம் வாரத்தில் புகையாதிருப்பதாகக் கூறினர். பெறாதவருள் 100க்கு 13 பேரே அவ்வாறு கூறினர்.

இவர்கள் வாய்மொழியை எவ்வாறு நம்புவது என்று வினவலாம். அதற்கு விடையாக 2011இல் இங்கிலாந்திலிருந்து மற்றோர் ஆராய்ச்சி வந்தது. 5,800 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு முதல் ஐந்து வாரம் நாள்தோறும் 5 செய்தியும், பின்னர் 26 வாரம் வாரந்தோறும் 3 செய்தியும் அனுப்பினர். வேட்கை எழுந்தபொழுதும், தவறி ஒன்றைப் புகைத்துவிட்டபொழுதும் அவர் ஒரே சொல்லை எழுதி அனுப்பினால், அவ்வேளைக்கு ஏற்ற மறுமொழி உடனே வரும். மற்றக் கூற்றார்க்குப் புகைவிடுதலைப் பற்றிய பேச்சே இல்லாத செய்திகள் சென்றன. ஆறு திங்கள் கழித்து உமிழ்நீரைச் சோதித்து உண்மை கண்டனர். துணை பெற்றவருள் 100க்கு 10.7 பேரும், பெறாதவருள் 100க்கு 4.9 பேரும் விட்டிருந்தனர்.

இத்தொகையை நேர்மையோடு நோக்குவாம். துணை பெற்ற 100 பேரில் ஏறக்குறைய 89 பேர் அம்முறை விடவில்லை. ஆகவே குறுஞ்செய்தி மந்திரக்கோல் என்று யாம் கூறவில்லை. ஆனால் ஐந்து பேர் விடுமிடத்தில் பத்துப் பேருக்கு மேல் விடுகின்றனர். அதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. ஓராயிரம் பேருக்கு இத்துணையை அளித்தால், ஐம்பது பேருக்கு மேற்பட்டோர் மிகுதியாக விடுதலை பெறுவர். அவ்வைம்பதின்மருள் ஒருவன் நம் உடன்பிறந்தானாயின் அத்தொகை சிறிதென்று தோன்றுமோ?

மனவிழிப்பின் நிலையையும் மறையாமற் கூறுதல் கடன். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தார் 88 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியில், மனவிழிப்புப் பயின்றவருள் 100க்கு 31 பேர் 17ஆம் வாரத்திற் புகையாதிருந்தனர். வழக்கமான பயிற்சி பெற்றவருள் 100க்கு 6 பேரே அவ்வாறிருந்தனர். இது பெருநம்பிக்கை ஊட்டிற்று. ஆனால் பல ஆராய்ச்சிகளை ஒருங்கு திரட்டி 2022இல் வெளிவந்த மதிப்புரை, மனவிழிப்பு ஏனைய முறைகளைவிட மேம்பட்டது என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை என்று முடிவு கூறிற்று. ஆகவே இதுவே தலைசிறந்த வழி என்று பறையறைதல் தகாது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை, மருத்துவர் தரும் மாத்திரை ஆகியவற்றின் பயன் நன்கு நிலைநாட்டப்பட்டது. வேண்டுவோர் மருத்துவரை அணுகுக. மனவிழிப்பை யாம் வேண்டுவது அந்தச் சில நிமிடங்களிற் செய்தற்கு ஒரு செயல் என்னும் அளவிலேயே. எப்பொழுது செய்வது என்பதைத் தூது நினைவூட்டும். என்ன செய்வது என்பதை மனவிழிப்புச் சொல்லும்.

கைப்பேசியே ஒரு போதையாயிற்றே, ஒரு பேயை ஓட்ட மற்றொரு பேயை அழைப்பதோ என்பர் சிலர். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஐந்து செய்தியைப் படிக்க ஐந்து நிமிடமும் ஆகாது. மேலும், சிகரெட்டுப் பெட்டி கிடக்கும் அதே பையிற்றானே கைப்பேசியும் கிடக்கின்றது! எதிரி இருக்குமிடத்திற்குச் செல்லாத தூதனால் யாது பயன்? எந்திரம் அனுப்பும் செய்தியில் அன்பு ஏது என்பர் வேறு சிலர். அன்பு அதில் இல்லை. ஆனால் ஏளனமும் அதில் இல்லை. ‘மறுபடியும் புகைத்தாயா?’ என்று புருவம் உயர்த்தும் முகம் அதற்கு இல்லாமையால், நாணமுற்றவன் அதனிடம் உண்மையைச் சொல்லுகின்றான். எந்திரத்தின் பொறுமையோடு நண்பனின் அன்பும் சேருமாயின், அதனினும் நல்லது எது?

நம் நாட்டில் இதற்கு வாயில் திறந்தேயுள்ளது. இந்திய அரசாங்கத்தார் 2016ஆம் ஆண்டில், ஒரு மிஸ்டு கால் கொடுத்தாற் குறுஞ்செய்தித் துணை அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே புகைவிடுவோர்க்கு ஆலோசனை கூறும் இலவசத் தொலைபேசியும் தில்லியில் ஏற்பட்டது. 1800-11-2356 என்னும் அதன் எண், 2018ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு சிகரெட்டுப் பெட்டியிலும் அச்சாகின்றது. நோயை விற்கும் பெட்டியே மருத்துவன் வீட்டு வழியையும் சுமக்கின்றது. கோரப்படத்தைக் காணும் கண்கள் அதன் கீழுள்ள எண்ணைக் காண்பதில்லை என்பதே எம் வருத்தம்.

ஆதலின் நம் கலாசாலையாருக்கும் மாணவருக்கும் நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம்.

முதலாவது, ‘இங்குப் புகைத்தல் கூடாது’ என்னும் பலகை தொங்குமிடமெல்லாம், அதன் கீழே அவ்வெண்ணையும் எழுதிவைத்தல் வேண்டும். தடை மட்டும் கூறி வழி கூறாத பலகை பாதிப் பலகையே.

இரண்டாவது, தானாக முன்வந்து ‘யான் விட விரும்புகின்றேன், துணை வேண்டும்’ என்று விடுதி அதிகாரியிடமோ ஆசிரியரிடமோ சொல்லும் மாணவனுக்குத் தண்டமும் கடிதமும் இல்லை என்று உறுதி கூறப்படல் வேண்டும். பிடிபட்டவனையும் தேடி வந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தால், இனி ஒருவனும் தேடி வாரான்.

மூன்றாவது, விடுதிதோறும் மாணவர் இருவர் இருவராகத் தூதுத்துணை அமைத்துக்கொள்ளலாம். விட முயல்பவன் தனக்கு வேட்கை மிகும் மூன்று வேளைகளைக் குறித்துத் தருக. துணைவன் அவ்வேளைகளில் ஒரு வரி எழுதி அனுப்புக. ‘புகைத்தாயா?’ என்று கேளற்க. ‘அலை வந்ததா? உடனிருக்கின்றேன்’ என்று எழுதுக. தவறியதாக மறுமொழி வந்தால், ‘அடுத்த அலைக்குப் பார்ப்போம்’ என்று எழுதுக.

நான்காவது, கல்விச்சாலைக்கு 100 கெஜ தூரத்துள் புகையிலைப் பொருள் விற்றல் கூடாதென்று 2003ஆம் ஆண்டின் சட்டம் விதித்துள்ளது. அதனை அளந்து பார்த்து நடைமுறைக்குக் கொணர்தல் பெரியோர் பொறுப்பு. கரையில் நின்று அலையேறக் கற்பிப்போர், அலையைப் பெருக்கும் காற்றையும் தடுக்க முயலுதல் முறையன்றோ?

மூன்றாம் விண்ணப்பம் வெறுங்கற்பனையன்று. மேலே குறித்த எம் நண்பர் இப்பொழுது அவ்வாறே ஒரு துணைவரை வைத்துக்கொண்டு, மூன்றாம் முறையாக முயன்று வருகின்றார். இரவு பத்தரை மணிக்கு அவர் கைப்பேசியில் ஒரு வரி வந்து விழுகின்றது. இடையில் இருமுறை தவறினார். இருமுறையும் மறைக்காமல் எழுதினார். இன்றைக்கு ஒன்பது வாரமாயிற்று. வெற்றி பெற்றார் என்று யாம் முரசு கொட்டவில்லை, அவரும் கொட்டவில்லை. ஆனால் உணவு மேசையில் அவர் மீண்டும் எம் பக்கத்தில் அமர்கின்றார். அதனையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

புகையைப் பலர் பல முறை முயன்றே விடுகின்றனர் என்பது மருத்துவர் துணிபு. நடை பயிலும் குழந்தை விழுந்தால், ‘இனி நீ நடக்கத் தகுதியற்றவன்’ என்று எந்தத் தாயும் சொல்லுவதில்லை, கையை நீட்டுகின்றாள். அவ்வாறு நீட்டப்படும் கையே யாம் வேண்டும் தூது. மாணவ நண்பர்காள், உங்கள் பக்கத்து அறையில் ஒருவன் இன்றிரவு ஓர் அலையோடு தனித்து நிற்கக்கூடும். அன்னமும் கிளியும் வேண்டா. ஒரு வரி போதும். சபதத்தை அவனிடம் கேளாதீர்கள், வேளையைக் கேளுங்கள். அவ்வேளையில் உங்கள் தூது அவனிடம் செல்லுமாயின், போகாத அவ்விலையும் ஒருநாட் போகும் என்று நம்புகின்றோம்.